கடுகு வெடிப்பதுபோல ஒரு நரம்பு: நியூரான் ஸ்பைக்கர்பாக்ஸ் வாங்கலாமா?

பிளஸ் ஒன் விலங்கியல் புத்தகத்தில் மண்புழுவும் கரப்பானும் தவளையும் இன்னும் இருக்கின்றன. கரப்பானின் வயிற்றுப்புற நரம்பு வடத்தைப் படம் போட்டு, முடிச்சுகளை எண்ணிப் பாகம் குறித்தால் மதிப்பெண் வந்துவிடும். அந்த வடத்துக்குள் ஓடும் மின்துடிப்பைக் காதால் கேட்கவோ, அதற்கும் பூச்சி ஓடுவதற்கும் திரும்புவதற்கும் என்ன தொடர்பு என்று பார்க்கவோ நினைத்தால், ஆராய்ச்சி நிலையத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த கிரெக் கேஜும் டிம் மார்சுல்லோவும் 2009இல் தொடங்கிய பேக்யார்டு பிரெயின்ஸ் நிறுவனம் இந்தக் குறைக்கென்றே செய்த பெட்டிதான் நியூரான் ஸ்பைக்கர்பாக்ஸ். நூறு டாலர் அளவுக்குள் ஒரு நரம்பின் குரலைக் கேட்க வைப்பதே அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு.

பள்ளி, கல்லூரி விலங்கியல் ஆய்வகத்துக்கு வாங்கலாம். ஆனால் அளவெடுக்கும் கருவியாக நினைத்து வாங்க வேண்டும். அறிவியல் கண்காட்சியில் கரப்பான் காலை ஆடவைத்துக் காட்டுவதற்கு மட்டும் என்றால், பெட்டி இரண்டாவது வாரமே அலமாரிக்குப் போய்விடும். அந்த ஆட்டம்தான் இந்தப் பெட்டியின் மிகப் புகழ்பெற்ற காட்சி; கற்றுத்தருவதில் அதுவே மிகப் பலவீனமானதும்கூட. அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

பெட்டிக்குள் இருப்பது எளிய சுற்று. கரப்பானிடமிருந்து வெட்டியெடுத்த காலில் குத்தும் இரண்டு ஊசிகளுக்கு இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாட்டை முதலில் ஒரு இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயர் (வேறுபாட்டை மட்டும் பெருக்கும் சுற்று) எடுக்கிறது. அடுத்து வடிகட்டிகள், கடைசியில் ஸ்பீக்கரை ஓட்ட ஒரு ஆடியோ ஆம்ப்ளிஃபயர். எல்லாம் ஒரு 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. 2012இல் வடிவமைப்பை முழுதாக வெளியிட்டுவிட்டார்கள். அதில் உள்ளபடி மொத்தப் பெருக்கம் 880 மடங்கு, கடந்துபோக விடும் அலைவரிசை 300 முதல் 1300 ஹெர்ட்ஸ் வரை. பூச்சிக் காலில் குத்திய ஊசிக்கு வந்து சேரும் துடிப்பு சில பத்து முதல் சில நூறு மைக்ரோவோல்ட் வரைதான் இருக்கும். 100 மைக்ரோவோல்ட் துடிப்பு 88 மில்லிவோல்ட்டாக வெளியே வரும். பெட்டியிலிருந்து வயர் போட்டுப் பதிவுசெய்யும் போனின் மைக் வாசலுக்கு அது தாராளம். துடிப்பு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி நீளம். போன் விநாடிக்கு 44,100 முறை மாதிரி எடுத்தால் ஒரு துடிப்புக்கு 44 புள்ளிகள் கிடைக்கும். வடிவம் தெளிவாகத் தெரிய அது போதும்.

கால் எப்படி உடலைவிட்டுப் பிரிந்த பின்னும் பேசுகிறது என்பது வகுப்பில் முதலில் எழும் கேள்வி. கரப்பானின் உணர்வு நரம்புச் செல்களின் உடல் காலிலேயே, அந்தந்த முள்ளின், மயிரின் அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் நீண்ட இழை மட்டும்தான் மார்பு நரம்பு முடிச்சுக்குப் போகிறது. காலை வெட்டினால் இழை அறுபடும், செல் தப்பிவிடும். ஆக்சிஜனும் இரத்தத்தை நம்பி இல்லை. மூச்சுக்குழல்கள் வழியாகக் காற்றே உள்ளே பரவுகிறது. அதனால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல், கவனமாக வைத்தால் சில மணி நேரம்கூட அந்தக் கால் வேலை செய்யும்.

வேலைக்கு வருவோம். அமெரிக்காவில் இதற்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் டிஸ்காய்டு கரப்பான், மெதுவாக நகரும் பெரிய பூச்சி. நம் ஊர்ச் சாக்கடைக் கரப்பான், பெரிப்ளானெட்டா அமெரிக்கானா, தாராளமாகச் சரிவரும். கால் மட்டும் மெலிசு. பிடிப்பதற்கு ஒரு அகலவாய் பாட்டில், உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வாஸ்லின், அடியில் வாழைப்பழத் துண்டு. இரவில் சமையலறைச் சாக்கடைக்குப் பக்கத்தில் வைத்தால் காலையில் இருக்கும். பிடித்த அன்றே பயன்படுத்த வேண்டாம். முட்டை அட்டையும் ஈரப் பஞ்சும் பிஸ்கட்டும் போட்ட காற்றோட்டமான டப்பாவில் ஒரு வாரமாவது வைத்திருங்கள். காரணம் கீழே வருகிறது. கையுறை கட்டாயம்: கரப்பானின் எச்சமும் தோலும் ஆஸ்துமாவைத் தூண்டும் ஒவ்வாமைப் பொருள்கள்.

பூச்சியை ஐஸ் கட்டி மிதக்கும் தண்ணீரில் போட்டு, அசைவு முழுதும் நிற்கும்வரை விடுங்கள். சில நிமிடங்கள் ஆகும். குளிரில் நரம்பின் அயனி வாயில்கள் மந்தமாகி மின்துடிப்பு நின்றுபோகிறது. அசைவு நின்றதும் எடுத்து, பின்னங்கால் ஒன்றை உடலை ஒட்டிய காக்சாவோடு சேர்த்துக் கூர்மையான கத்தரியால் ஒரே வெட்டில் எடுங்கள். வெட்டுமுனையில் கடுகளவு வாஸ்லின் வைத்தால் காய்வது தள்ளிப்போகும். பூச்சியை டப்பாவுக்குத் திருப்பிவிடுங்கள். சில நிமிடங்களில் நடக்கத் தொடங்கும். இளம் பூச்சியாக இருந்தால் அடுத்தடுத்த தோலுரிப்பில் கால் மறுபடி முளைக்கும். வளர்ந்த பூச்சிக்கு முளைக்காது.

இங்கே பலர் செய்யும் தவறு அவசரம். ஐஸிலிருந்து வந்த காலில் உடனே ஊசி குத்திவிட்டு, சத்தம் வரவில்லை, பெட்டி கெட்டுப்போச்சு என்று முடிவுகட்டுகிறார்கள். ஐந்து நிமிடம் அறை வெப்பத்தில் விடுங்கள்.

கார்க்கின் மேல் காலை வைத்து ஒரு ஊசியைக் காக்சாவிலும் மற்றதைத் தொடைப் பகுதியான ஃபீமரிலும் குத்த வேண்டும். கிட்டோடு வரும் ஊசி டிஸ்காய்டு கரப்பானை மனத்தில் வைத்துச் செய்தது. நம் ஊர்ப் பூச்சியின் ஃபீமர் அதில் பிளந்துபோக வாய்ப்பு உண்டு. பூச்சிகளைப் பதப்படுத்தும் மெல்லிய இன்செக்ட் பின்னையோ மிக மெல்லிய தையல் ஊசியையோ அதே வயரில் சால்டர் செய்துகொள்ளலாம். அரை மணி வேலை. இரண்டு ஊசியும் ஒரே கணுவில் நெருக்கமாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம் போய், வேறுபாடு சுருங்கிவிடும். அதிக தூரம் விட்டால் இரைச்சல் உள்ளே புகும். கணுவுக்கு ஒன்று என்ற கணக்கு சரியானது.

பெட்டியை ஓட விட்டதும் ஒரு சீறல், அதற்கு நடுவே சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோலப் பட் பட் என்று வரும். அதுதான் நரம்பு. எதையும் தொடாமலே முதல் சில நிமிடம் நிறைய வெடிக்கும், வெட்டுக்காயத்தின் விளைவு. அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு ஃபீமருக்கு அடுத்த பகுதியான டிபியாவில் உள்ள பெரிய முட்களில் ஒன்றைப் பல்குச்சியால் மெல்ல வளையுங்கள். கடுகு கொத்தாகப் பொரியும்.

இந்த இடத்தில்தான் பெட்டி பொம்மையா கருவியா என்பது முடிவாகிறது. வளைத்துவிட்டு 'ஆஹா' சொல்லி அடுத்த ஆளிடம் பல்குச்சியைக் கொடுத்தால் பொம்மை. எண்ணத் தொடங்கினால் 1926இல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் ஸ்வீடன்காரரான ஈங்வே சாட்டர்மேனும் தவளைத் தசையில் கண்டது உங்கள் மேசையில் நடக்கும். தூண்டல் வலுத்தால் துடிப்பின் உயரம் கூடுவதில்லை, எண்ணிக்கைதான் கூடுகிறது. நரம்புக்கு உரக்கக் கத்தத் தெரியாது, அடிக்கடி சொல்லத்தான் தெரியும். 1932இல் ஏட்ரியன் ஷெரிங்டனோடு நோபல் பரிசு பெற்றதற்குப் பின்னால் இருப்பது இதைப் போன்ற எண்ணும் வேலைதான்.

எண்ணுவதற்குத் தூண்டலும் அளவோடு இருக்க வேண்டும். பல்குச்சியும் கையும் அதற்கு உதவாது. தூண்டில் கடையில் 0.15, 0.25, 0.35 மி.மீ. தடிமனுள்ள நைலான் நரம்பு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் 3 செ.மீ. வெட்டி, ஐஸ்கிரீம் குச்சியின் முனையில் செங்குத்தாக ஒட்டுங்கள். நைலான் வளையத் தொடங்கியதும் அதற்குமேல் விசை அதிகம் ஏறாது. ஒரே நைலான் எப்போதும் ஏறக்குறைய ஒரே விசையைத் தரும். வளைக்கும் விசை தடிமனின் நான்காம் அடுக்காக ஏறுவதால், 0.15இலிருந்து 0.25க்குப் போனால் விசை ஏழெட்டு மடங்காகும், அங்கிருந்து 0.35க்குப் போனால் இன்னும் நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. நகைத் தராசில் குத்திப் பார்த்து கிராமில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒவ்வொன்றாலும் அதே முள்ளை ஐந்து முறை தொட்டு, பதிவு செயலியில் முதல் 100 மில்லி விநாடியில் எத்தனை துடிப்பு என்று எண்ணி வரைபடம் போட்டால் கோடு நேராகப் போகாது. மேலே போகப் போகச் சாய்ந்து படுக்கும்.

அடுத்து, முள்ளை வளைத்தபடியே பிடித்திருங்கள். தொடக்கத்தில் கொட்டும் துடிப்பு வெகு சீக்கிரம் மெலிந்து அடங்கும். முள் இன்னும் வளைந்துதான் இருக்கிறது, செல் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டது. கைக்கடிகாரம் கட்டியது நாள் முழுக்க நினைவில் இல்லாததற்கும் இதே தகவமைவில் ஒரு பங்கு உண்டு. ஆனால் கரப்பான் தன் உடல் எடையை எந்தக் காலில் தாங்குகிறது என்பதைத் தொடர்ந்து அறிய வேண்டும். அதற்கு வேறு உணர்விகள் இருக்கின்றன, மேலோட்டில் குவிமாடம் போன்ற நுண்ணிய கேம்பனிஃபார்ம் உணர்விகள். ஃபீமரைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்தால் இவற்றின் துடிப்பு மெதுவாகத்தான் மெலியும். கால் தரையில் ஊன்றியிருக்கிறதா, தூக்கலாமா என்ற முடிவுக்குப் போவது இந்தச் செய்திதான். டப்பாவில் விட்ட ஐந்து கால் பூச்சியையும் இதற்கிடையே ஒரு முறை பாருங்கள். ஆறு காலில் மூன்று மூன்றாக மாற்றி வைத்து நடந்த பூச்சி, இருக்கிற காலுக்கு ஏற்ப முறையை மாற்றிக்கொண்டிருக்கும். போனில் மெதுவேகக் காணொளியாக எடுத்தால் தெளிவாகத் தெரியும்.

இனி இரைச்சல். இந்தப் பெட்டியைப் பற்றிய புகார்களில் பாதி இதுதான், அதில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்டி பொறுப்பல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வடிகட்டி 300க்குக் கீழே வெட்டுகிறதே, பிறகு ஏன் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம்? டியூப்லைட் சோக், மலிவான எல்இடி டிரைவர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் சுத்தமான 50 ஹெர்ட்ஸைத் தருவதில்லை. 350, 450, 550 என்று அதன் மடங்குகளையும் சேர்த்தே வீசுகின்றன, அவை வடிகட்டியின் வாசல் வழியாக நேராக உள்ளே வரும். ஃபேனையும் விளக்கையும் நிறுத்துங்கள், போனைச் சார்ஜரிலிருந்து கழற்றுங்கள், லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டுங்கள். அப்படியும் போகாவிட்டால் செருப்பு அட்டைப்பெட்டியின் உட்புறம் சமையல் அலுமினியத் தாளை ஒட்டி, ஆடியோ வயரின் கிரவுண்டோடு முதலைக் கிளிப்பால் இணைத்து, அதற்குள் காலை வைத்துப் பாருங்கள். துடிப்பா இரைச்சலா என்று சந்தேகம் வந்தால் திரையை விரித்துப் பாருங்கள். 20 அல்லது 10 மில்லி விநாடிக்கு ஒரு முறை தவறாமல் வந்தால் அது மின்வாரியம். ஒழுங்கில்லாமல் வருவதுதான் நரம்பு.

போன் ஒரு தனித் தொல்லை. ஆடியோ வயர் வழியாகப் பதிவுசெய்யும் பழைய மாடலுக்கு நான்கு வளைய ஹெட்செட் வாசல் வேண்டும். இப்போதைய பல போன்களில் அது கிடையாது, எல்லா டைப்-சி அடாப்டரும் மைக்கை ஏற்காது. அதைவிடக் கெட்டது, சில போன்கள் பேச்சுக்கென்று செய்யும் தானியங்கி ஒலியளவுச் சமன்படுத்தல். சத்தம் கூடினால் தானே குறைக்கும், குறைந்தால் தானே ஏற்றும். துடிப்பின் உயரம் மாறுவதில்லை என்பதைக் காட்ட உட்கார்ந்த ஆசிரியருக்கு உயரம் மாறி மாறித் தெரிந்தால் பாடமே தலைகீழாகிவிடும். யூஎஸ்பியில் நேரடியாகக் கணினிக்குப் போகும் புதிய மாடலை எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. வாய்ப்பிருந்தால் அதையே வாங்குங்கள்.

பிடித்த பூச்சியைக் காத்திருக்க வைக்கச் சொன்னதற்குக் காரணம் மருந்து. வீட்டில் அடிக்கும் கரப்பான் ஸ்ப்ரேயில் சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு இருக்கும், கொசுவர்த்தியிலும் இதே குடும்பம்தான். இவை நரம்பின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஒரு துடிப்பு வர வேண்டிய இடத்தில் கொத்துக் கொத்தாக வரும். தொடாமலே இயந்திரத் துப்பாக்கிபோலச் சத்தம் வந்து, சில நிமிடம் காத்திருந்தும் அடங்கவில்லையென்றால் அந்தக் கால் மருந்து பட்டது, தூக்கிப் போடுங்கள். ஆனால் போடுவதற்கு முன் மாணவர்களைக் கேட்க வையுங்கள். மருந்து பட்ட கரப்பான் மல்லாந்து கிடந்து காலை உதறிக்கொண்டே இருப்பது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. அந்த நடத்தை முழுக்க இந்த நிற்காத துடிப்பிலிருந்து வருகிறது. கென்னத் ரோடரும் வையன்ட்டும் 1946இல் டிடிடி பூச்சிமருந்து எங்கே தாக்குகிறது என்று கண்டுபிடித்ததும் கரப்பான் காலில்தான்.

வாஸ்தவத்தில் இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. இமிடாக்ளோப்ரிட் கலந்த மருந்து பட்ட பூச்சியின் கால் ஒழுங்காகவே ஒலிக்கக்கூடும். அந்த மருந்து வேலை செய்வது நரம்பு முடிச்சில், ஒரு செல்லிடமிருந்து அடுத்த செல் செய்தி வாங்கும் அசிட்டைல்கோலின் ஏற்பிகளில். வெட்டிய காலில் அந்தச் சந்திப்பே கிடையாது.

இப்போது அந்த ஆட்டம். போனில் பாட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் வயரை ஊசிகளில் இணைத்தால் கால் தாளத்துக்கு உதறும். கைதட்டல் வாங்கும். பார்ப்பவர் பத்தில் எட்டுப் பேர் 'கரப்பானுக்குப் பாட்டு கேட்கிறது' என்றோ, காலுக்கு இசை ரசனை உண்டு என்றோ நினைத்துக்கொண்டுதான் போவார்கள். நடப்பது வேறு. பாட்டின் மின்னோட்டம் தசைக்குப் போகும் அறுந்த இயக்க நரம்பிழைகளை நேராகத் தூண்டுகிறது. இத்தாலிய மருத்துவர் கால்வானி 1791இல் தவளைக் காலைப் பற்றி எழுதிய அதே சங்கதி. தவில், டிரம்ஸ் மாதிரி அடிச்சத்தம் வரும்போது ஆடும், புல்லாங்குழலுக்கு அசையாது, ஏனென்றால் தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் ஒவ்வோர் அலையும் இழையைத் தூண்டும் அளவுக்கு நீள்கிறது. காட்டத்தான் வேண்டுமென்றால் பாட்டை விட்டுவிட்டு, டோன் ஜெனரேட்டர் செயலியில் 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் கால் நிற்கிறது என்று குறித்தால் அது பாடம். போனின் ஒலியளவைப் பாதியில் தொடங்குங்கள்.

இதே நிறுவனம் 2013இல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டிக் கொண்டுவந்த ரோபோரோச் இந்தப் பாதையின் மறுமுனை. உயிருள்ள கரப்பானின் மீசைகளுக்குள் மின்கம்பி வைத்து, முதுகில் சுற்றுப்பலகையை ஒட்டி, போனிலிருந்து ப்ளூடூத்தில் தூண்டினால் பூச்சி திரும்பும். மீசை எங்கோ இடித்துவிட்டது என்று அதன் நரம்பு நினைக்க, பூச்சி எதிர்ப்பக்கம் விலகுகிறது. நடத்தையை நேரடியாகத் தொடுவதென்றால் இதுதான். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் மின்முனை வைத்து நடுக்கத்தை அடக்கும் சிகிச்சையின் தத்துவமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனாலும் வாங்கச் சொல்ல முடியவில்லை. மீசைக்குள் கம்பி நுழைக்கும் வேலை நுணுக்கமானது, முதல் சில பூச்சிகள் வீணாகும். வெற்றி பெற்றாலும் சில நிமிடங்களில் பூச்சி பழகிப்போய் திரும்புவதை நிறுத்திவிடும். பழகுதல் என்பது தனிப் பாடம்தான், அதைக் கற்க இவ்வளவு கொடுமை வேண்டியதில்லை. அது வந்தபோது எழுந்த எதிர்ப்புக் குரல்களில் நியாயம் இருந்தது.

கரப்பான் வேண்டாம் என்பவர்களுக்கு மண்புழு நல்ல மாற்று, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் பதிவுசெய்யும் இரண்டு சேனல் மாடல் இருந்தால். மண்புழு உரம் போடுகிறவர்களிடம் புழு கிடைக்கும், பெரியதாகப் பார்த்து எடுங்கள். 10 சதவீத ஆல்கஹாலில் சில நிமிடம் வைத்தால் தளர்ந்துவிடும், உடனே தண்ணீரில் அலசுங்கள். மூன்று ஊசி: பின்பக்கத்தில் கிரவுண்ட், அதற்கு முன்னால் 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு. தலையைக் குச்சியால் தட்டினால், உடலின் நீளவாக்கில் ஓடும் தடித்த நரம்பிழைகளில் நடுவிலுள்ள இராட்சத இழை துடிக்கும், வாலைத் தட்டினால் பக்கவாட்டு இழைகள். இரண்டு ஊசியையும் துடிப்பு கடக்கும் நேர வித்தியாசத்தை எடுங்கள். 5 செ.மீ. கடக்க 2.5 மில்லி விநாடி என்றால் விநாடிக்கு 20 மீட்டர். நடு இழை தடிமனானது, அதனால் வேகமும் அதிகம். தலையைத் தொட்டதும் புழு வெடுக்கென்று உள்ளிழுப்பது இந்த வேகத்தால்தான். புழு நீளும் சுருங்கும் என்பதால், ஊசி இடைவெளியைப் பதிவுக்கு முன்னும் பின்னும் அளந்துகொள்ளுங்கள். வெட்டாமல் முடிவதால் முடிந்தபின் மண்ணில் விட்டுவிடலாம். கல்லூரிகளில் விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் வழிகாட்டுதல் வெளியிட்டு, 2014இல் அதை முழுதாகவே நிறுத்தச் சொல்லியிருப்பதால், எந்த உயிரைப் பயன்படுத்துவதானாலும் துறைத்தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குவதே நல்லது.

உயிரே வேண்டாம் என்றால், தோலில் ஸ்டிக்கர் ஒட்டித் தசையின் மின்னோட்டத்தைக் கேட்கும் மசில் ஸ்பைக்கர்பாக்ஸ் தனியாக வருகிறது. நம் நாட்டில் அப்சைடு டவுன் லேப்ஸ் செய்யும் பயோஆம்ப் இஎக்ஸ்ஜி பில் என்ற சின்னப் பலகையும் தசைக்கும் இதயத்துக்கும் நல்ல தேர்வு. ஆர்டுயினோ என்ற குறுங்கணினிப் பலகையைக் கையாளவும் கொஞ்சம் நிரல் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அது தோலின் மேற்பரப்பில் ஒட்டி அளப்பதற்கான வடிவமைப்பு. ஒற்றை நரம்புச் செல்லின் துடிப்புக்கென்று செய்த நியூரான் ஸ்பைக்கர்பாக்ஸின் வடிகட்டி வேறு வகை, ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிவிட்டு ஏமாற வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நாலைந்து மேசைக்கு வேண்டுமென்றால், வெளியிடப்பட்ட சுற்றை வைத்துத் தாங்களே கட்டிக்கொள்வது மின்னணுத் துறை உள்ள கல்லூரிக்கு முடியாத காரியமில்லை. பாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் தேடக்கூடிய வகையைச் சேர்ந்தவைதான். வேலை முடிந்ததும் ஊசிகளை ஸ்பிரிட்டில் துடைத்து, 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். சுவிட்சை மறந்து விட்டுப்போன பெட்டி அடுத்த வகுப்பில் மந்தமாகத்தான் ஒலிக்கும், அப்போது பழி கரப்பான்மேல் விழும்.